ராட்சத எலும்புக்கூடும் இப்னு கல்தூனும்

பின்னேர வகுப்புக்கு வரும் தரம் பதினொன்று மாணவன் ஒருவன் சென்ற தவணையில் தன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். "சேர், ஆத் கூட்டத்தாருடைய எலும்புக்கூடு. சவூதிப் பாலைவனத்தில தோண்டி எடுத்திருக்காங்க. அரசாங்கம் மறைச்சி வெச்சிருக்காம்." படத்தில் ஒரு பெரிய குழி. குழிக்குள் மனித மண்டையோடு. அதன் பக்கத்தில் நிற்கும் ஆள் ஒரு விளையாட்டுப் பொம்மையளவில் தெரிகிறான்.

"இது பொய்ப்படம் மகன்" என்றேன். பிள்ளையின் முகம் வாடிப்போனது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுக் கேட்டான்: "அப்ப ஆத் கூட்டமும் பொய்யா சேர்?"

அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது. பழங்கால மர்மங்களில் மக்களுக்குள்ள மோகத்தை நாம் ஒரு பொழுதுபோக்கு என்று விட்டுவிடுகிறோம். பள்ளிவாசல் முற்றத்திலும் கல்யாண வீட்டிலும் கதைத்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். ஆனால் ஒரு பிள்ளை தன் ஈமானை ஒரு படத்தின்மேல் கட்டிவைத்திருந்தால், படம் விழும்போது அதோடு சேர்ந்து எது விழும் என்று யோசிக்கவேண்டும்.

முதலில் படத்தின் கதை. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஹைட் பார்க் என்ற இடத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் ஓர் அகழ்வு செய்தார்கள். எடுத்தது மாஸ்டோடன் என்ற, யானையைப் போன்ற, அழிந்துபோன விலங்கின் எலும்புகள். அந்த அகழ்வின் படத்தை எடுத்து அதற்குள் மனித எலும்புக்கூட்டைப் பொருத்தி, 2002இல் கணினிப் படப்போட்டி ஒன்றுக்கு ஒரு கலைஞர் அனுப்பினார். போட்டியே அப்படியான போலித் தொல்பொருள் படங்களுக்குத்தான். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு வருடத்துக்குள் படம் வங்காளதேசப் பத்திரிகை ஒன்றில் ஆத் கூட்டத்தாராக வந்துவிட்டது. 2007இல் இந்தியாவில் ஒரு மாத இதழ் அதே படத்தை மகாபாரதத்தில் வரும் ராட்சதரின் எலும்பு என்று போட்டது. அந்த வருடக் கடைசியில் நஷனல் ஜியோகிரஃபிக் நிறுவனம் முழு விபரத்தையும் வெளியிட்டது. அதற்குப் பிறகும் படம் நின்றபாடில்லை.

ஒரே எலும்பு இங்கே குர்ஆனுக்குச் சாட்சி, அங்கே மகாபாரதத்துக்குச் சாட்சி. எவருக்கும் சாட்சி சொல்லத் தயாராக நிற்கும் சாட்சியை எந்தக் காழியார் ஏற்றுக்கொள்வார்?

இந்த மர்ம எழுத்துகளை ஒரு தமிழாசிரியனாக வாசிக்கும்போது என் கண்ணில் படுவது அவற்றின் வினைமுற்றுகள். "கண்டுபிடிக்கப்பட்டது", "மறைக்கப்பட்டது", "கூறப்படுகிறது", "நம்பப்படுகிறது". எல்லாம் செயப்பாட்டுவினை. கண்டுபிடித்தவர் யார், மறைத்தவர் யார், நம்புகிறவர் யார் என்று தேடினால் வாக்கியத்துக்குள் ஆளே இல்லை. பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் நேர்மையானது. "மறைச்சி வெச்சிருக்காம்" என்று அந்த மாணவன் சொன்னானே, அந்த "ஆம்" சின்ன இடைச்சொல்தான். ஆனால் "இது நான் கண்டதில்லை, கேட்டது" என்று அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. எழுத்தில் வரும்போது அந்த "ஆம்" கழன்றுவிடுகிறது. கேள்விப்பட்ட கதை செய்தியாகிறது.

அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய ஞாபகசக்தி எப்படி என்று ஒவ்வொரு பெயராக விசாரித்து ஹதீஸ்களைப் பிரித்தெடுத்தவர்களின் வழிவந்த சமூகம் இது. வாட்ஸ்அப்பில் வந்ததற்கு மட்டும் ஸனது கேட்பதில்லை.

இந்த நோய் புதியதும் அல்ல. இப்னு கல்தூன் 1377இல் தன் முகத்திமாவை எழுதும்போது இதே ஆட்களோடுதான் மல்லுக்கட்டினார். பெரிய கட்டடங்களைப் பார்த்த மக்கள், அவற்றைக் கட்டியவர்கள் உடம்பிலும் அவ்வளவு பெரியவர்களாக இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறார்கள் என்கிறார் அவர். கதைசொல்லிகள் ஆத், ஸமூத், அமாலிகா கூட்டத்தாருக்கெல்லாம் அளவுகடந்த உடம்பைக் கொடுத்திருந்தார்கள். ஊஜ் என்றொருவன் கடலிலிருந்து மீனைப் பிடித்துச் சூரியனுக்கு நேரே தூக்கிச் சுட்டுத் தின்றான் என்பது அவர்களுடைய கதை. சூட்டின் விஷயமே தெரியாத கதை என்று அதை அவர் தள்ளுகிறார். சூரியக் கதிர் பூமியில் பட்டுத் திரும்புவதால் தரைக்குப் பக்கத்தில்தான் சூடு அதிகம், மேலே போகப்போக அது குறையும் என்பது அவர் வாதம்.

பெரிய கட்டடத்துக்குக் காரணமாக அவர் காட்டுவது அரசின் பலத்தை: ஆட்களைத் திரட்டும் சக்தி, அவர்களுடைய ஒத்துழைப்பு, பாரம் தூக்கும் பொறிகள். கிஸ்ராவின் மாளிகையை இடிக்கப் புறப்பட்ட ஹாரூன் அர்ரஷீதுக்கு அது முடியாமல் போனதை எடுத்துச் சொல்கிறார். கட்டுவதைவிட இடிப்பது இலேசு. இடிக்கவே முடியாததைக் கட்டியவர்களுடைய ஆட்சி எவ்வளவு பலமாக இருந்திருக்கும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் ராட்சதருக்கு இடமில்லை.

இன்னுமொரு ஆதாரம் அவரிடம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஸமூதுடைய வீடுகள் பாறையில் குடைந்தபடி இன்றும் நிற்கின்றன, அந்தப் பாதையால் ஹிஜாஸ் பயணிகள் போய்வருகிறார்கள், வீடுகளும் வாசல்களும் நமக்குள்ள அளவில்தான் இருக்கின்றன என்கிறார். ராட்சதன் குனிந்துகூட நுழையமுடியாத வாசல். அவ்வளவுதான். வாசலை அளந்தால் வழக்கு முடிந்தது.

இப்னு கல்தூன் சரித்திர ஆசிரியர், மார்க்க அறிஞர்கள் இப்படிச் சொல்வார்களா என்று சிலர் கேட்கக்கூடும். ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் அல்அஸ்கலானியும் இதைத் தொட்டிருக்கிறார். ஆதம் (அலை) அவர்களுடைய உயரம் பற்றிய ஹதீஸை விளக்குமிடத்தில், ஸமூதுடைய வீடுகள் அப்படியான உயரத்தைக் காட்டவில்லையே என்ற சிக்கலை அவரே எழுப்புகிறார். அதைத் தீர்க்கும் விளக்கம் இதுவரை தனக்குப் புலப்படவில்லை என்றும் எழுதிவைக்கிறார். ஹதீஸையும் விடவில்லை, கண்ணால் காணும் கல்லையும் மறைக்கவில்லை. "எனக்குத் தெரியவில்லை" என்று தன் பெயரில் சொன்னார். மர்ம எழுத்தாளர் ஒருநாளும் இப்படிச் சொல்லமாட்டார். "விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை" என்பார். அறியாமையைக்கூட அடுத்தவர் கணக்கில்தான் எழுதுவார்.

இரம் நகரத்துக்கு வருவோம். ஷத்தாத் என்ற அரசன் சுவர்க்கத்துக்குப் போட்டியாகப் பொன்னாலும் வெள்ளியாலும் ஒரு நகரம் கட்டினான், பிற்காலத்தில் தொலைந்த ஒட்டகத்தைத் தேடிப்போன ஒருவர் அதற்குள் நுழைந்துவிட்டார் என்ற கதையைச் சில தஃப்ஸீர்களே சொல்கின்றன. இப்னு கல்தூன் இதையும் ஏற்கவில்லை. ஏடன் பக்கத்துப் பாலைவனம் ஆட்கள் நாலாபக்கமும் நடந்து திரிகிற இடம், வேறொருவர் கண்ணிலும் அது படாமல் போனது எப்படி என்று கேட்கிறார். தூண்கள் என்ற சொல் கூடாரத் தூண்களையும் குறிக்கலாமே என்கிறார்.

நமது காலத்திலும் அதே நகரம் ஒருமுறை "கண்டுபிடிக்கப்பட்டது". 1992இல் ஓமானின் ஷிஸ்ர் என்ற இடத்தில், விண்வெளியிலிருந்து எடுத்த படங்களின் உதவியோடு, தொலைந்த உபார் நகரம் கிடைத்துவிட்டதென்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அதுதான் குர்ஆன் சொல்லும் இரம் என்று நம்மவர்களும் கொண்டாடினோம். கிடைத்தது ஒரு கிணற்றைச் சுற்றிய சிறிய கோட்டை. அடியிலிருந்த சுண்ணாம்புக்கல் குகை இடிந்ததில் அதன் ஒரு பகுதி குழிக்குள் போயிருந்தது. சாம்பிராணி வணிகத்தின் தங்குமிடம் என்ற வகையில் அது பெறுமதியான இடம்தான். 2000இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அகழ்வுக்குப் பொறுப்பாயிருந்த யூரிஸ் ஸாரின்ஸ் என்ற அறிஞரே, உபார் என்பது ஒரு தனி நகரத்தின் பெயரல்ல, ஒரு பிரதேசத்துக்கும் அதன் மக்களுக்குமுரிய பெயர் என்று பிறகு விளக்கினார். கொண்டாட்டம் ஊரெல்லாம் போனது. விளக்கம் அவ்வளவு தூரம் போகவில்லை.

பிரமிட் விஷயமும் இதே கதைதான். வேற்றுக்கிரகவாசிகளைப் பழைய நாகரிகங்களோடு முடிச்சுப்போட்டு 1968இல் எரிக் ஃபான் டெனிக்கன் எழுதிய நூலுக்குப் பிறகு, இந்தச் சந்தை பெரிதாகிவிட்டது. தமிழிலும் அதன் பேரப்பிள்ளைகள் நிறைய. "மனிதனால் இது முடியுமா?" என்ற ஒரு கேள்விக்குறியை வைத்தே புத்தகம் எழுதிவிடுகிறார்கள். பதில் 2013இல் செங்கடல் கரையில் வாதி அல்ஜர்ஃப் என்ற இடத்தில் கிடைத்தது. பியேர் தலே என்ற பிரெஞ்சு அறிஞரின் குழு எடுத்த பப்பிரஸ் ஏடுகளில் மேரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருந்தது. தூராவில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லை ஓடத்தில் ஏற்றி நைல் வழியாகக் கீஸாவுக்குக் கொண்டுபோன வேலையை அவர் நாள்நாளாக எழுதியிருக்கிறார். இது கூஃபு மன்னனின் காலம், பெரிய பிரமிட்டின் வேலை நடந்த காலம். 4,500 வருடத்துக்கு முந்திய கையெழுத்து. நம் பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகம் மாதிரித்தான் இருக்கிறது. கல் சுமந்த மனிதனுடைய பெயர் கையில் கிடைத்தபிறகும் வேற்றுக்கிரகவாசிக்குக் கூலி கொடுப்பது, மேரெருக்கும் அவருடைய ஆட்களுக்கும் செய்யும் அநியாயம்.

நம்மிடமும் ஒரு பழைய நாட்குறிப்புக்காரர் இருந்தார். பக்தாதில் 1162இல் பிறந்த வைத்தியர் அப்துல் லதீப். எகிப்தில் தான் கண்டதையெல்லாம் ஒரு நூலாக எழுதினார். ஸலாஹுத்தீனின் மகன் அல்அஸீஸ் உஸ்மான் சின்ன பிரமிட்டை இடிக்க ஆள்பிடித்து, எட்டு மாதம் பாடுபட்டு, கைவிட்டுப் போனதை வருத்தத்தோடு பதிந்தார். பழைய சின்னங்கள் வேதம் சொல்லும் சமூகங்களுக்குச் சாட்சி, அவற்றைக் காப்பாற்றவேண்டும் என்றும், புதையல் ஆசையில் அவற்றை உடைப்பவர்கள் அறிவற்றவர்கள் என்றும் எழுதினார். 1200ஐ அடுத்துவந்த கொடும் பஞ்சத்தில் செத்தவர்களின் எலும்புகள் குவிந்துகிடந்த இடத்துக்குப் போய், இரண்டாயிரத்துக்கும் அதிகமான மண்டையோடுகளைப் பார்த்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளாலானது என்று ஆயிரம் வருடமாக எல்லோரும் நம்பிய ஜாலீனூஸின் கூற்று பிழை, அது ஒரே எலும்பு என்று சொன்னார்.

ராட்சதன் ஒருவனின் பொய் எலும்பைப் பகிர்ந்துகொண்டிருக்கும் நமக்கு, உண்மையான எலும்பை இரண்டாயிரம் தடவை பார்த்த இந்த மனிதரின் பெயர் தெரியாது. அவருடைய நூலின் தலைப்பிலேயே "இஃதிபார்" என்ற சொல் இருக்கிறது. "இப்ரத்" என்ற படிப்பினைச் சொல்லின் வேரிலிருந்து வந்தது அது.

அழிந்த சமூகங்களை அறியும் ஆசையில் பிழையில்லை. பூமியில் பயணம்செய்து முன்சென்றோரின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆனே பல இடங்களில் ஏவுகிறது. தபூக் பயணத்தில் அல்ஹிஜ்ரைக் கடந்தபோது நபி (ஸல்) அவர்கள், அநியாயம் செய்தோரின் இருப்பிடங்களுக்குள் அழுதவர்களாகவே அன்றி நுழையவேண்டாம் என்று தோழர்களைத் தடுத்தார்கள். அந்த இடத்தில் அவர்கள் கேட்டது அழுகையை. நாம் போடுவது "சுப்ஹானல்லாஹ், ஷெயார் செய்யுங்கள்". ஆத் கூட்டத்தாருக்கு உடற்கட்டில் மேன்மை கொடுக்கப்பட்டதென்று குர்ஆன் சொல்கிறது. எத்தனை அடி என்று சொல்லவில்லை. அவர்கள் அழிந்தது எதனால் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது: பெருமை, அடக்குமுறை, தம்மைவிடப் பலசாலி யார் என்ற திமிர். அடிக்கணக்கில் மாட்டிக்கொண்ட கண்ணுக்கு இந்தக் காரணம் தெரியாது.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். "ஆத் பொய்யில்ல மகன், படம்தான் பொய். குர்ஆனுக்கு அந்தப் படம் தேவையுமில்ல." அவன் தலையாட்டினான். பிறகு, "அப்ப உண்மையான பழைய சாமான் எங்க சேர் பார்க்கலாம்?" என்றான்.

நல்ல கேள்வி. காலியில் 1911இல் ஒரு மதகின் மூடுகல்லைப் புரட்டிப் பார்த்தபோது அதில் எழுத்து இருந்தது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட, சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு. சீனம், தமிழ், பாரசீகம். பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் புகழ்கிறது. அதில் பல இடங்கள் தேய்ந்துவிட்டன. இப்போது கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிறது. எத்தனை காலம் அதன்மேல் வண்டில்கள் ஓடினவோ.

அப்படிக் கவிழ்ந்துகிடக்கும் கற்கள் நம் மையவாடிகளிலும் உண்டு. பற்றைக்குள் சாய்ந்துகிடக்கும் பழைய மீசான் கற்களில் பெயரும் ஹிஜ்ரி வருடமும் அறபு எழுத்தில் இருக்கின்றன. மையவாடி துப்புரவு செய்யும் நாளில் அவையும் மண்ணோடு வாரப்பட்டுப் போகின்றன. அடுத்த விடுமுறையில் அந்த மாணவனையும் இன்னும் நாலுபேரையும் கூட்டிக்கொண்டு, நிர்வாகத்தாரிடம் அனுமதி கேட்டு, எங்கள் ஊர் மையவாடியின் கற்களைப் பிரதிசெய்ய இருக்கிறேன். ஒரு அளவு நாடா, ஒரு கொப்பி, ஒரு தூரிகை போதும். வாசகர்களும் தத்தம் ஊரில் இதைச் செய்யலாம். வாசிக்க முடியாத எழுத்து வந்தால், முடியவில்லை என்றே எழுதிவையுங்கள்.