அனுபவம் எங்களது, தத்துவம் யாருடையது?

ஒரு கருத்தரங்குக்குக் கூப்பிட்டிருந்தாங்க. அழைப்பிதழில் மற்றவர்கள் பெயருக்கு நேரே 'கோட்பாட்டுப் பார்வை'. என் பெயருக்கு நேரே 'அனுபவப் பகிர்வு'. அவங்க யோசிப்பாங்க, நான் அழணும்.

இந்த வேலைப் பிரிவினையைத்தான் கோபால் குரு 2002இல் எழுதிய கட்டுரையில் போட்டு உடைத்தார். கோட்பாட்டுப் பார்ப்பனர்கள், தரவுச் சூத்திரர்கள் என்று இந்தியச் சமூக அறிவியலே பிளந்து கிடக்கிறது என்றார். தத்துவவாதி சுந்தர் சருக்கை 2007இல் எதிர்வினை எழுதினார். விவாதம் வளர்ந்து 2012இல் இருவரும் சேர்ந்து எழுதிய 'தி கிராக்டு மிரர்' நூலாயிற்று.

அதில் தொடுதல் பற்றி சருக்கை எழுதியிருப்பது முக்கியமானது. தீண்டாமை தலித் உடம்பில் இல்லை. தன்னை யாரும் தொடக்கூடாது என்று தூய்மை காக்கிறவனிடம் இருக்கிறது. அதை அவன் இன்னொருத்தன் மேல் இறக்கி வைக்கிறான். எங்க ஊர் டீக்கடையில் அப்பாவுக்குச் சிரட்டைதான். குடிச்சிட்டு அவரே கழுவி வைப்பார். அவர் கை அழுக்குன்னு சின்ன வயசுல நானும் நம்பினேன். அந்த அழுக்கு யாருடையதுன்னு இந்தப் பக்கங்கள்தான் எனக்குத் தத்துவ மொழியில் சொல்லின.

ஆனால் ஒன்று இடறுகிறது. ஒதுங்கி நிற்பது அவனுக்கு மரியாதை. ஒதுக்கப்படுவது எங்களுக்கு அடி. இரண்டையும் ஒரே சொல்லால் அளந்தால் எடை தப்பிப்போகும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். மலக்குழிச் சாவுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. தொகை ஏறியது. குழிக்குள் இறங்குகிற சாதி மாறவில்லை. தொடுதலின் தத்துவம் அந்தக் குழியின் விளிம்பில் நின்றுவிடுகிறது. கூலியையும் ஒப்பந்தத்தையும் பேசாமல் உள்ளே இறங்க முடியாது.

அனுபவித்தவர் மட்டும்தான் கோட்பாடு செய்யலாமா என்று சருக்கை கேட்கிறார். அனுபவத்துக்குச் சொந்தக்காரர் வேறு, அதை உண்டாக்கியவர் வேறு என்கிறார். நியாயமான கேள்விதான். ஆனா வாசலை மறித்து நிற்கிறவங்களைப் பார்த்தல்லவா முதல்ல கேட்கணும்?

குரு நம்மையும் விடவில்லை. கவிதை கோட்பாட்டுக்கு மாற்று ஆகாது என்கிறார். சுரீர்னு இருந்தது. வலியை எழுதினால் போதும் என்று நாமும் இருந்துவிட்டோமே! 1907இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசர் அழுதுகொண்டா இருந்தார்? வரலாற்றையும் சமயத்தையும் சொற்களையும் பிரித்துப்போட்டுப் புது விளக்கம் சொன்னார். 1916இல் கொலம்பியாவில் சாதி எப்படி உண்டாகிறது என்று கட்டுரை படித்த அம்பேத்கர் கொடுத்தது வாக்குமூலமா?

கருத்தரங்கில் நான் சிரட்டைக் கதையைச் சொல்லவில்லை. "தொடாமல் வாழ்வது எப்படி இருக்கும்? அந்த அனுபவத்தை நீங்க பகிர்ந்துக்குங்க, கோட்பாட்டை நாங்க பார்த்துக்கறோம்" என்றேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.