பயிற்சிக்கு உகந்த முதற்பாடல்

பாடகர் குழுவில் புதிதாகச் சேரும் ஒருவருக்கு எந்த நற்செய்திப் பாடலை முதலில் கற்பிப்பது என்னும் கேள்வி அற்பமானதன்று. அருளுரைக்கு உரிய திருமறைப் பகுதியைத் தெரிந்துகொள்வதில் நாம் காட்டும் கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும் இதில் காட்டுகிறோமா? பெரும்பாலும் செவிக்கு இனியது, யாவரும் அறிந்தது, புகழ்பெற்றவர் பாடியது என்னும் மூன்று காரணங்களே தெரிவை முடிவு செய்கின்றன. இம்மூன்றும் கேட்போரைக் கருதியவை. பாடப்போகிறவரைக் கருதியவை அல்ல.

கர்நாடக இசையாசிரியர் எவரும் மாணவருக்கு முதல் நாளே கீர்த்தனையைக் கற்பிப்பதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றைக் கடந்த பின்னரே எளிய கீதத்திற்கு வருவார். நமது சபைகளிலோ, பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கையில் குரல் எட்டாத பாடலொன்று புதியவர் கையில் கொடுக்கப்படுகிறது. தொண்டை இறுகுகிறது, சுருதி விலகுகிறது. தமக்குப் பாட வராது என்று முடிவு செய்து அவர் ஒதுங்கிவிடுகிறார். குற்றம் அவருடைய குரலில் இல்லை, நமது தெரிவில் இருக்கிறது.

நன்கு அறிந்த மூன்று ஆங்கிலப் பாடல்களை எடுத்து ஆராய்வோம். ‘ஜீசஸ் லவ்ஸ் மீ’ என்பதன் சொற்கள் அன்னா வார்னர் எழுதியவை. நோயுற்ற சிறுவனுக்கு ஆறுதலாக அவை ஒரு புதினத்தில் இடம்பெற்றன. 1862-இல் வில்லியம் பிராட்பரி அதற்கு இசையமைத்தார். மெட்டு ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களுக்குள்ளேயே நடக்கிறது. மோகன ராகத்திற்குப் பழகிய நம் செவிக்கு அந்நியமன்று. எல்லை ஒரே ஸ்தாயி. சிறுவர் பாடல் என்று பெரியவர்கள் இதை ஒதுக்குவது தவறு. மூச்சை அளந்து விடவும் சுரத்தில் நிற்கவும் இதனினும் நல்ல தொடக்கம் அரிது.

‘அமேசிங் கிரேஸ்’ இரண்டாம் படி. ஜான் நியூட்டனின் சொற்கள் 1779-இல் அச்சேறின. இன்று நாம் பாடும் மெட்டு 1835-இல்தான் அவற்றோடு இணைந்தது. இதுவும் அதே ஐந்து சுரங்களால் ஆனது. ஆயினும் கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி மேற்பஞ்சமம் வரை செல்வதால், சுருதியைத் தாழ்ந்த குரலுக்கேற்ப வைத்தாலன்றிப் பாதிப்பேர் திணறுவர். மூன்று எண்ணிக்கைத் தாளமும், தட்டுக்கு முன்னரே எழும் தொடக்கமும் புதியவருக்குத் தனிப்பயிற்சி வேண்டுவன.

தாமஸ் டார்சியின் ‘பிரெஷியஸ் லார்ட்’ வேறு வகையினது. 1932-இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருங்கே இழந்த துயரில் அவர் எழுதியது அது. சொற்கள் எளியவை, ஆகையால் தொடக்கப் பாடலென்று பலர் மயங்குகின்றனர். ஆனால் அதன் மெல்லிய நடைக்கு நீண்ட மூச்சு வேண்டும். மஹாலியா ஜாக்சனின் ஒலிப்பதிவைக் கேட்டு அவருடைய அசைவுகளைப் பின்பற்ற முயலும் மாணவர், மெட்டை அறியாமலே சங்கதியைக் கற்கிறார். அடித்தளமின்றிக் கோபுரம் எழுப்புவது போன்றது அது. முதலில் வெறும் மெட்டு. அது நிலைத்த பின்னரே அணி.

மொழிபெயர்ப்புப் பாடல்களில் மற்றொரு சிக்கல் உண்டு. மெட்டு நீளும் இடத்தில் குறில் எழுத்து அமைந்துவிட்டால், ‘விடு’ என்பது ‘வீடு’ என்றே ஒலிக்கும். தேர்ந்த பாடகர் இதைச் சமாளிப்பார். புதியவர் தவற்றையே பழகிக்கொள்வார். எனவே பாடலைக் கொடுக்குமுன் ஆயர் அதை ஒருமுறை வாய்விட்டுப் பாடிப் பார்த்தல் நன்று.

இவை யாவற்றினும் முக்கியமானது பொருள். அருளுரையை ஒருமுறை கேட்கிறோம். பயிற்சிப் பாடலையோ ஐம்பது முறை உரைக்கிறோம். ஆகவே முதற்பாடலே பலருக்கு முதல் இறையியல் பாடமாகிறது. மேற்கண்ட மூன்று பாடல்களும் ‘நான்’ என்னும் தன்மை ஒருமையில் பேசுகின்றன. தனிமனிதரின் நம்பிக்கைக்கு அது இன்றியமையாதது. ஆனால் அது மட்டுமே போதாது. நியூட்டன் அடிமை வாணிபக் கப்பலின் தலைவராய் இருந்தவர். மனந்திரும்பிய பின்னரும் சில ஆண்டுகள் அத்தொழிலில் நீடித்தார். அதைக் கண்டித்து அவர் நூல் வெளியிட்டது 1788-இல். அதாவது, பாடல் அச்சேறி ஒன்பது ஆண்டுகளுக்குப் பின். மீட்கப்பட்டேன் என்று பாடுவதற்கும், பிறரின் விலங்கைக் காண்பதற்கும் இடையே எத்துணை தூரம் இருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது. ஆதலால் தன்மை ஒருமைப் பாடல் ஒன்றோடு, ‘நாம்’ என்று கூடிப் பாடும் பாடல் ஒன்றையும் இணைத்தே கற்பித்தல் தகும். பல்லவி மீண்டும் மீண்டும் வரும் நம் கீர்த்தனைகள் இதற்குப் பெரிதும் உதவும். வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் விட்டுச் சென்ற செல்வம் நம் கையில் இருக்கிறது.

ஆவியோடும் கருத்தோடும் பாடுமாறு கொரிந்து சபைக்குப் பவுல் அறிவுறுத்தினார். நாம் தெரிந்துகொள்ளும் முதற்பாடல் புதியவரின் குரலுக்கு எட்ட வேண்டும். கருத்துக்கும் எட்ட வேண்டும். குரல் இறுகி ஒருவர் வாய்மூடி அமர்ந்தாலும், பொருளறியாது ஒருவர் வாய்திறந்து பாடினாலும், வழிபாட்டிற்கு இழப்பே. அடுத்த பயிற்சிக்கு முன் இதை எண்ணிப் பார்ப்பது நமது கடமை.