வேலிக்கு ஓணான் சாட்சி: என்எஃப்எல் விதி 8.3

2025 ஆகஸ்ட்டில் மூணு நாள் இடைவெளியில் ரெண்டு தீர்ப்புகள் வந்தன. 11ஆம் தேதி நெவாடா மாநில உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒன்று. 14ஆம் தேதி நியூயார்க்கில் இருக்கும் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து (இரண்டாவது சர்க்யூட்) இன்னொன்று. ரெண்டிலும் எதிர்த்தரப்பு அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல். ரெண்டு வழக்கையும் போட்டவர்கள் முன்னாள் ஹெட் கோச்கள். கோச்சுக்கும் லீகுக்கும் சண்டை வந்தால் அதை யார் விசாரிக்கணும் என்பதுதான் ரெண்டிலும் கேள்வி.

விளையாட்டுப் பக்கங்களில் இது "கோச் ஜெயித்தார்" என்று வந்தது. இது கொஞ்சம் தப்பான தலைப்பு. யாரும் எதையும் ஜெயிக்கவில்லை. வழக்கை நீதிமன்றத்தில் நடத்தலாம் என்ற அனுமதி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த அனுமதிக்கே மூணரை வருஷத்துக்கு மேல ஆனது. ஏன் ஆனது, தீர்ப்புகள் எங்கே பலமா இருக்கு, எங்கே நழுவுது என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு. நான் வக்கீல் இல்லை. ஆனா ஒப்பந்த வாசகத்தை ஒரு ஸ்பெக் மாதிரி படிக்கிற பழக்கம் உண்டு. எந்த இன்புட்டுக்கு இது உடையும் என்றுதான் முதலில் தேடுவேன்.

முதலில் அந்த விதி. என்எஃப்எல்லுக்கு ஒரு அமைப்புச் சட்டம் இருக்கிறது. அதில் 8.3ஆம் பிரிவு, தகராறுகளை விசாரித்து இறுதி முடிவு சொல்லும் முழு அதிகாரத்தையும் கமிஷனருக்குக் கொடுக்கிறது. அணிக்கும் அணிக்கும் நடுவே வரும் தகராறு, அணிக்கும் அதன் வீரர், கோச், ஊழியருக்கும் நடுவே வரும் தகராறு, லீகின் நலனுக்குக் கேடு என்று கமிஷனர் கருதும் எந்த விஷயமும் அவரிடம் போகும். கோச்களின் ஒப்பந்தத்தில் இந்த அமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி வழியா 8.3 மொத்தமும் உள்ளே வந்துவிடும். புரோகிராமர்களுக்குச் சொன்னால் புரியும்: ஒரு இம்போர்ட் ஸ்டேட்மென்ட்.

கமிஷனர் யார்? 2006லிருந்து ராஜர் குடெல். அவரைத் தேர்ந்தெடுப்பது 32 அணிகளின் ஓனர்கள். சம்பளம் கொடுப்பதும் அவர்கள்தான். தமிழில் ஆட்டத்தில் விசில் ஊதுபவரும் நடுவர், ஆர்பிட்ரேஷனில் தீர்ப்பு சொல்பவரும் நடுவர். முதல் வகை நடுவர் ஒரு அணி ஓனரிடம் சம்பளம் வாங்கினால் ஸ்டேடியமே கொந்தளிக்கும். ரெண்டாவது வகை பல பத்தாண்டுகளாகச் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

நியாயமா ஒண்ணு சொல்லணும். இந்த ஏற்பாடு முழுக்கச் சூழ்ச்சி இல்லை. சூதாட்ட ஊழலில் சிக்கிய பேஸ்பால், 1920ல் கென்னசா மவுன்டன் லாண்டிஸ் என்ற நீதிபதியைக் கமிஷனராகக் கொண்டுவந்து, ஓனர்களுக்கும் மேலே ஒரு ஆளை உட்கார வைத்தது. அமெரிக்க விளையாட்டு லீக்குகளின் 'சர்வ அதிகாரக் கமிஷனர்' என்ற கருத்து அங்கிருந்து வருது. ரெண்டு அணிகள் ஒரு வீரருக்காக அடித்துக்கொண்டால் கமிஷனர் தீர்த்து வைப்பது புத்திசாலித்தனமான வழிதான். ரெண்டு பேரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். ரெண்டு பேருக்கும் அவர் ஒரே தூரத்தில் இருக்கிறார். கோச்சுக்கு அந்த ஓட்டு கிடையாது. ஓனர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டை, ஓட்டில்லாத ஆளுக்கும் நீட்டியதில்தான் பழுது.

வீரர்கள் கதை வேற. அவர்களுக்குத் தொழிற்சங்கம் உண்டு. கூட்டு ஒப்பந்தம் உண்டு. டாம் பிரேடியின் காற்றுக் குறைந்த பந்து விவகாரத்தில் நாலு ஆட்டத் தடையை குடெலே விதித்து, அதன் மேல்முறையீட்டையும் குடெலே கேட்டார். 2016ல் இதே இரண்டாவது சர்க்யூட் அதை 2-1 என்று ஏற்றுக்கொண்டது. சங்கம் பேரம் பேசி ஒத்துக்கொண்ட விதி, பிடிக்கலேன்னா அடுத்த பேரத்தில் மாத்திக்கோங்க என்பது வாதம். 2020 கூட்டு ஒப்பந்தத்தில் வீரர்கள் ஓரளவு மாற்றவும் செய்தார்கள்: தனிநபர் நடத்தை வழக்குகளை முதலில் கேட்க, இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் ஒரு அதிகாரி. கோச்களுக்கு அப்படிக் கூட்டுப் பேரம் பேசும் சங்கம் இல்லை. கோடிகளில் சம்பளம் வாங்கும் ஹெட் கோச், சங்கம் விஷயத்தில் ஒரு ஐடி கம்பெனி ஊழியரைவிடப் பெரிய நிலையில் இல்லை.

இப்போ வழக்குகள். பிரையன் ஃப்ளோரெஸ் 2019 முதல் 2021 வரை மயாமி டால்ஃபின்ஸ் ஹெட் கோச். கடைசி ரெண்டு சீசனிலும் தோல்வியைவிட வெற்றி அதிகம். 2022 ஜனவரியில் நீக்கப்பட்டார். அந்த மாதமே நியூயார்க் ஜயன்ட்ஸ் ஹெட் கோச் பதவிக்கு இன்டர்வியூ இருந்தது. இன்டர்வியூவுக்கு மூணு நாள் முன்னால், அவருடைய பழைய பாஸ் பில் பெலிச்சிக்கிடமிருந்து வாழ்த்து மெசேஜ் வருது. விசாரித்தால், அது பிரையன் டேபோலுக்குப் போகவேண்டிய வாழ்த்து! பேர் ஒண்ணா இருந்ததால் ஆள் மாறிவிட்டது. வேலை ஏற்கெனவே இன்னொருவருக்கு முடிவாகிவிட்டது, சிறுபான்மையினர் ஒருவரையாவது இன்டர்வியூ செய்யணும் என்ற 2003ஆம் ஆண்டின் ரூனி விதிக்காகத்தான் தன்னைக் கூப்பிட்டார்கள் என்பது ஃப்ளோரெஸின் குற்றச்சாட்டு. ஜயன்ட்ஸ் மறுத்தது. 2022 பிப்ரவரி 1 அன்று லீக் மேலும் சில அணிகள் மேலும் இனப் பாகுபாடு வழக்கு போட்டார். அன்றைக்கு 32 அணிகளில் கறுப்பின ஹெட் கோச் ஒரே ஒருவர், பிட்ஸ்பர்க்கின் மைக் டாம்லின். பிறகு ஸ்டீவ் வில்க்ஸ், ரே ஹார்ட்டன் என்ற இன்னும் ரெண்டு கோச்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஜான் க்ரூடன் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ரெய்டர்ஸ் அணியோடு பத்து வருஷ ஒப்பந்தம், சுமார் 100 மில்லியன் டாலர் என்று செய்தி. 2021 அக்டோபரில் அவருடைய பழைய மின்னஞ்சல்கள் பத்திரிகைகளில் வந்தன. டிவி விமர்சகராக இருந்தபோது எழுதியவை. இனவெறி, ஓரினச்சேர்க்கையாளர் மேல் வெறுப்பு, பெண்களை இழிவுபடுத்தும் பேச்சு எல்லாம் இருந்தன. ராஜினாமா செய்தார். வாஷிங்டன் அணி பற்றிய ஒரு விசாரணையில் சேர்ந்த லட்சக்கணக்கான மின்னஞ்சல்களிலிருந்து தன்னுடையதை மட்டும் பொறுக்கி லீக் கசியவிட்டது என்று சொல்லி, 2021 நவம்பரில் நெவாடாவில் வழக்கு போட்டார். லீக் மறுக்கிறது. இந்த வழக்கில் பிரதிவாதி லீக் மட்டுமில்லை, குடெலும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டவர். 8.3ன்படி போனால் குடெல் மேல் உள்ள புகாரை குடெல் விசாரிப்பார்.

அந்த மின்னஞ்சல்களை எழுதியவர் மேல எனக்கு இரக்கம் வரலை. ஆனா நல்ல ஆளுக்கு ஒரு நடுவர், மோசமான ஆளுக்கு வேற நடுவர் என்று வைக்க முடியாதே. 8.3க்கு எதிரான டெஸ்ட் கேஸாகப் பார்த்தால் க்ரூடனுடையதுதான் சுத்தமானது. நடுவரும் பிரதிவாதியும் ஒரே மனிதர்.

தீர்ப்புகளுக்கு வருவோம். க்ரூடன் வழக்கில் முதலில் 2024 மே மாதம் நெவாடா உச்ச நீதிமன்றத்தின் மூணு பேர் அமர்வு 2-1 என்று லீக் பக்கம் நின்றது. க்ரூடன் விவரம் தெரிந்த, பலமான பேரம் பேசக்கூடிய ஆள்; கையெழுத்து போட்டதைத் தெரிந்துதான் போட்டார் என்பது அதன் சாரம். இது எனக்குப் பலவீனமான வாதம். சம்பளத்துக்குப் பேரம் பேச முடிந்தவர் 8.3க்கும் பேரம் பேச முடியும் என்று எப்படி எடுத்துக்கொள்வது? ஹெட் கோச் வேலை உலகத்திலேயே 32 இடத்தில்தான் இருக்கு. 32லும் அதே இம்போர்ட் வரி. நூறு மில்லியன் வாங்கலாம், ஒரு உட்பிரிவை நீக்க முடியாது. 2025ல் முழு அமர்வு 5-2 என்று இதைத் திருப்பியது.

அந்தத் திருப்பத்துக்கு ரெண்டு கால். ஒன்று, விதியின் வாசகம் ஊழியர் என்றுதான் சொல்லுது, முன்னாள் ஊழியர் என்று சொல்லலை. க்ரூடன் வழக்குப் போடும்போது முன்னாள் ஊழியர். இன்னொன்று, தன்னைப் பற்றிய புகாரைத் தானே விசாரிக்கும் ஏற்பாடு மனசாட்சிக்கு ஒவ்வாத அளவு ஒருதலைப்பட்சமானது. முதல் கால் நொண்டி என்பேன். லீக் நாளைக்கே "முன்னாள் ஊழியர்களும்" என்று ரெண்டு வார்த்தை சேர்த்தால் பக் ஃபிக்ஸ் ஆகிவிடும். ரெண்டாவது காலில் மட்டும் நின்றிருந்தால் தீர்ப்பு இன்னும் உறுதியாக இருந்திருக்கும்.

ஃப்ளோரெஸ் வழக்கின் பயணம்தான் எனக்கு ரொம்ப விசித்திரமாகப் பட்டது. 2023 மார்ச் 1 அன்று நீதிபதி வேலரி கேப்ரோனி வழக்கைப் பிளந்தார். ஜயன்ட்ஸ், டெக்சன்ஸ், ப்ரான்கோஸ் மேல் ஃப்ளோரெஸ் வைத்த புகார்கள் நீதிமன்றத்தில். டால்ஃபின்ஸ் மேல் வைத்த புகாரும், வில்க்ஸ், ஹார்ட்டன் இருவரின் புகார்களும் ஆர்பிட்ரேஷனுக்கு. காரணங்களைப் பாருங்க. ஜயன்ட்ஸ், டெக்சன்ஸ் விஷயத்தில் பொருந்தக்கூடிய ஒப்பந்தம் அவர் அடுத்துப் போய்ச் சேர்ந்த பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுடையது; அதில் கமிஷனர் கையெழுத்து இல்லை, எனவே செல்லாது. ப்ரான்கோஸ் இன்டர்வியூ நடந்த காலத்தில் அவர் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸில் உதவிக் கோச். அந்த ஒப்பந்தம் இழுத்துவரும் விதிகளை லீக் தன்னிஷ்டத்துக்கு மாற்றலாம், அதனால் அது வாக்குறுதியே இல்லை. டால்ஃபின்ஸ் ஒப்பந்தம் செல்லும், அதனால் ஆர்பிட்ரேஷன்.

ஒரே மனிதர், ஒரே விதி, ஒரே வகைக் குற்றச்சாட்டு. ஒரு கையெழுத்து விட்டுப்போனதால் பாதிக்கு ஜூரி, கையெழுத்து இருந்ததால் மீதிக்கு கமிஷனர். நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் 1925ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தை நீதிமன்றங்கள் அவ்வளவு பலமாகப் படித்துவந்திருக்கின்றன. நடுவரின் சார்பு பற்றிய புகாரைக்கூடப் பொதுவாக அவர் தீர்ப்பு சொன்ன பிறகுதான் கொண்டுவர முடியும். ஆனா குற்றச்சாட்டின் கனத்துக்கும் இந்தப் பிளவுக்கும் சம்பந்தமே இல்லை.

குடெல் தான் நேரடியாக உட்காராமல், நியூ ஜெர்சியின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் பீட்டர் ஹார்வியை நடுவராக நியமித்தார். லீக் தரப்பில் இது பெரிய சலுகையாகப் பேசப்பட்டது. 2022ல் டெஷான் வாட்சன் மேல்முறையீட்டைக் கேட்கவும் குடெல் இவரையே நியமித்திருந்தார். ஹார்வி எவ்வளவு நேர்மையானவர் என்பது இங்கே கேள்வியே இல்லை. எங்க தொழிலில், தான் எழுதின கோடைத் தானே அப்ரூவ் பண்ணக்கூடாது என்பது ரிவ்யூ விதி. எனக்கு ரிவ்யூவர் யாரென்று நானே தேர்ந்தெடுத்துக்கலாம் என்றால் அந்த விதிக்கு என்ன மதிப்பு?

2025ல் நீதிபதி ஹொசே கப்ரானெஸ் எழுதிய தீர்ப்பு இங்கேதான் நேரடியா அடித்தது. கையெழுத்து இருக்கா இல்லையா என்ற சில்லறைக் கேள்விகளுக்கு மேலே ஏறி, இது பெயரளவில் மட்டும்தான் ஆர்பிட்ரேஷன் என்றது. சுதந்திரமான மன்றம் இல்லை, நடைமுறை விதிகள் இல்லை, எதிர்த்தரப்பின் தலைமை நிர்வாகியின் விருப்பம் மட்டும் இருக்கு. இதற்கு 1925 சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. எனக்கு இது சரியான வரையறை. ஆனா இதிலும் ஒரு இடைவெளி தெரியுது. எந்த அளவு சுதந்திரம் இருந்தால் ஆர்பிட்ரேஷன் ஆகும்? லீக் அஞ்சு பேர் கொண்ட ஒரு பட்டியல் வைத்து, கோச் அதில் ஒருவரை எடுக்கலாம் என்றால்? அந்தப் பட்டியலை ஓனர்கள் தயாரித்தால்? அடுத்த பத்து வருஷ வழக்குகள் இந்த இடுக்கில்தான் வரும் என்று நினைக்கிறேன். தவிர, மேல்முறையீட்டில் முடிவானது ஃப்ளோரெஸின் ஒரு பகுதி மட்டும்தான். அதே தர்க்கம் வில்க்ஸுக்கும் ஹார்ட்டனுக்கும் பொருந்தாமல் எங்கே போகும்?

ஒரு இடைச்செருகல். இந்தியாவில் 2015 திருத்தத்துக்குப் பிறகு, வழக்கின் ஒரு தரப்பின் ஊழியர் நடுவராக முடியாது. 2019ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், வழக்கின் முடிவில் அக்கறை உள்ளவர் தனி நடுவரை நியமிக்கவும் முடியாது என்றது. குடெலும் ஹார்வியும் ரெண்டு பேருமே அடிபடுவார்கள். என் முதல் வேலையின் ஆஃபர் லெட்டரில், தகராறு வந்தால் நிர்வாக இயக்குநர் நியமிப்பவரே நடுவர் என்று ஒரு வரி இருந்தது. நான் அதைப் படிக்காமலே கையெழுத்து போட்டேன்.

இதெல்லாம் எங்கே விசாரணை என்ற சண்டைதானே, இதில் என்ன இருக்கு என்று கேட்கலாம். நீதிமன்றம் என்றால் ஓனர்களின் மெசேஜ்களையும் இன்டர்வியூ குறிப்புகளையும் கேட்டு வாங்கலாம், சாட்சிகளைச் சத்தியத்தின் பேரில் விசாரிக்கலாம், பொதுமக்கள் படிக்கலாம். கமிஷனர் அறையில் என்ன கேட்கலாம் என்பதே கமிஷனர் கையில். 2019 சீசனில் தோற்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 1,00,000 டாலர் தருவதாக டால்ஃபின்ஸ் ஓனர் சொன்னார் என்பது ஃப்ளோரெஸின் இன்னொரு குற்றச்சாட்டு. லீக் தன் பணத்தில் ஒரு விசாரணை நடத்தி, வேண்டுமென்றே தோற்கவில்லை, அந்தப் பேச்சும் தீவிரமான சலுகை இல்லை என்று 2022 ஆகஸ்ட்டில் முடித்தது. வேறு அணியின் ஆட்களோடு ரகசியமாகப் பேசியதற்காக அதே ஓனருக்கு 15 லட்சம் டாலர் அபராதம் போட்டது. லீக் விரும்பினால் ஓனரைத் தண்டிக்கும் என்பதற்கு இதை ஆதாரமாகச் சொல்கிறார்கள். எனக்கோ, தண்டனை கிடைத்தது இன்னொரு அணிக்கு எதிரான தவறுக்கு என்பதுதான் கண்ணில் படுது.

லீகுக்கு இது தெரியாமல் நடந்ததும் இல்லை. 2015லேயே மிசூரி உச்ச நீதிமன்றத்தில் இதே கேள்வி வந்தது. ராம்ஸ் அணியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்த உபகரண மேலாளர் ஒருவர், வயதைக் காரணமாக வைத்து நீக்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். நீதிமன்றம் ஆர்பிட்ரேஷனை ஒத்துக்கொண்டது, ஆனால் கமிஷனர் நடுவராக இருக்கக்கூடாது, வேறு நடுநிலையாளரை நியமியுங்கள் என்றது. அந்த ஒரு வரி மாற்றத்தை 8.3ல் அன்றைக்கே செய்திருந்தால் ஃப்ளோரெஸும் க்ரூடனும் ஒருவேளை நடுநிலையான ஒரு ஆர்பிட்ரேஷனுக்குத்தான் போயிருப்பார்கள். லீக் ரொம்பப் பயப்படும் ஜூரி வந்திருக்காது. பத்து வருஷம் சும்மா இருந்தார்கள். அமைப்புச் சட்டத்தின் அடுத்த திருத்தப் பதிப்பு வெளியே வரும்போது, முதலில் 8.3ஐத்தான் திறந்து பார்ப்பேன்.