துரைமார்க்கு விற்ற தமிழ்

பிறநாட்டிற் குடியேறுவோர்க்கு வேண்டும் பண்டங்களும் பணிகளும் யாவை என அறிய விரும்புவோர், அவர்க்கென அச்சிடப்பெற்ற கைந்நூல்களையும் விளம்பரங்களையும் நோக்குதல் வழக்கம். விக்டோரியா அரசியார் காலத்தில் இலங்கை மலைநாட்டிற்கு வந்த தோட்டத்துரைமார்க்கும் இத்தகைய நூல்கள் பல எழுந்தன. அவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் பலர். நூல் என்ற முறையில் மதிப்பிட்டோர் சிலரே. ஊவா மாகாணத்துத் தோட்டங்களை மனத்திற்கொண்டு அந்நூல்களுட் சிலவற்றை ஆராய்தலும், அவை யாரைக் குடியேறியவர் எனக் கருதின என்று வினாவுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊவாக் கிளர்ச்சி 1818இல் ஒடுக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நாட்டப்படாத காடுகளை முடிக்குரிய நிலமாக்கியது. கோப்பித் தோட்டங்கள் பெருகின. எனினும், பதுளை நெடுந்தொலைவில் இருந்தது. புகைவண்டி 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையை அடைந்ததோ 1924இல் ஆகும். அதுவரை தவளமாடுகளும் மாட்டுவண்டிகளுமே ஊவாவின் சுமையைத் தாங்கின.

இத்தகைய இடத்தில் வாழ வந்த துரைமார்க்குப் பிறர் வழங்க முன்வந்தவை பல. 1844இல் வில்லியம் மில்ன் என்பார் கண்டியில் தொடங்கிய வாணிகமே பின்னர்க் காகில்ஸ் எனப் பெயர்பெற்றது. கடன் வழங்க ஓரியன்டல் வங்கி இருந்தது. அது 1884இல் முறிந்தபோது கோப்பியின் வீழ்ச்சியும் முற்றியிருந்தது. வழிபாட்டிற்குப் பதுளையில் புனித மாற்கு தேவாலயம் 1857இல் அமைந்தது. 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்த மேஜர் றொஜர்ஸ் என்னும் அதிகாரியின் நினைவோடு அக்கோயில் இணைந்துள்ளது. இவற்றோடு துரைமார்க்கு விற்கப்பட்ட மற்றொரு பண்டமும் உண்டு. அது நம் தமிழ்மொழி.

கொழும்பில் அச்சகம் நடத்திய பேர்குசன் குடும்பத்தார் வெளியிட்ட இலங்கை விவரக்கொத்து, தோட்டங்களின் பெயர், பரப்பு, உரிமையாளர், மேற்பார்வையாளர் ஆகியவற்றைத் தொகுத்துத் தந்தது. அதன் பயன் பெரிது; மலைநாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அதனைத் தள்ளிவிட இயலாது. ஆனால், அதன் பக்கங்களில் ஏக்கருக்கும் பெயருண்டு, துரைக்கும் பெயருண்டு. அந்த ஏக்கரைக் காடழித்து நட்டவனுக்குப் பெயரில்லை. தொகுத்தோரின் கவனக்குறைவாக இதனைக் கொள்ளலாகாது. யாருக்கு விற்பதற்காக நூல் ஆக்கப்பட்டதோ அவருடைய கண்ணே நூலின் கண்ணும் ஆகும்.

அதே பேர்குசன் குடும்பத்தைச் சார்ந்த ஒருவர் இயற்றிய மற்றொரு நூல், சின்னதுரைக்குரிய சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி. அதன் முதற்பெயர் ‘இங்கே வா’ என்பது. ஊவாவின் தோட்டமொன்றிற் புதிதாக வந்திறங்கிய இளைஞனுக்கு இதன் தேவை வெளிப்படை. விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் நூற்றுக்கணக்கான தமிழர்முன் நிற்பவனுக்குத் தமிழின்றி ஒருநாளும் கழியாது. அன்றைய பேச்சுத்தமிழை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்தமையால், மொழியாராய்ச்சி செய்வோர்க்கும் இவ்வகை நூல்கள் பயன்படுகின்றன. இச்சிறப்பை மறைத்தல் நேர்மையன்று.

ஆயினும், தலைப்பே நூலின் உள்ளத்தைக் காட்டிவிடுகின்றது. ஒருவரை அழைப்பதற்குத் தமிழில் வா, வாரும், வாருங்கள், வருக எனப் பல வடிவங்கள் உள. இவற்றுள் மதிப்பு வேண்டாத ஒருமை ஏவலே நூலுக்குப் பெயராக வாய்த்தது. தாயும் மகனை ‘வா’ என்றுதானே அழைக்கின்றாள் என்று சிலர் வினவலாம். உண்மையே. ஆனால், அங்கே அன்பு உண்டு; நண்பரிடையே அச்சொல் இருபுறமும் செல்லும். தோட்டத்திலோ தொழிலாளி துரையை நோக்கி ‘இங்கே வா’ எனக் கூறியிருத்தல் கூடுமோ? ஒருபுறமே செல்லும் சொல் உரையாடல் ஆகாது, கட்டளையே ஆகும். 1915இல் வெல்ஸ் என்பார் வெளியிட்ட வழிகாட்டியோ ‘கூலித் தமிழ்’ என்றே பெயர்பெற்றது. உழைப்பின் ஊதியத்தைக் குறிக்கும் கூலி என்னும் சொல் உழைத்தவனுக்கே பெயராகி, ஈற்றில் அவன் மொழிக்கும் அடையாயிற்று.

இந்நிலையை ஆங்கிலேயர்மேல் மட்டும் ஏற்றுதல் பொருந்தாது. ஆபிரகாம் ஜோசப் என்னும் தமிழர் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1869இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. துரைமார்க்குரிய பேச்சுத்தமிழ் வழிகாட்டி ஒன்றையும் அவரே எழுதினார். மலையக இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாக இக்கும்மி போற்றப்படுகின்றது. காலத்தால் முற்பட்டது என்னும் பெருமை அதற்கு உரியதே. ஆயினும், பெண்கள் வட்டமிட்டுக் கைகொட்டிப் பாடுதற்குரிய யாப்பு, ஈண்டுக் கோப்பி வளர்ப்பைக் கற்பிக்கும் கருவியாகின்றது. பாடற்குரியோரின் துயர் அதற்குப் பொருளாகவில்லை. உடன் நின்ற ஆங்கிலம் அதனை வாங்கக்கூடியவர் யாவர் என்பதைப் புலப்படுத்துகின்றது. கோப்பியைப் பாடிய அக்கும்மி அச்சேறிய அதே 1869இலேயே ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பியிலை நோய் முதன்முதல் காணப்பட்டது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது.

இனி, தொழிலாளர்க்கு வழங்கப்பட்டவை யாவை எனக் காண்போம். அரிசியும் கம்பளியும் கொடுக்கப்பட்டன. அவற்றின் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக வளர்ந்தது. அக்கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டு ‘துண்டு’ எனப்பட்டது; அம்முறை 1921இலேதான் ஒழிந்தது. மருத்துவ வசதிக்கென 1872இல் கட்டளைச் சட்டம் பிறந்தது. துரைக்குப் பண்டம் விற்றோர் அவர் விருப்பை வினவினர். தொழிலாளிக்கு வந்த பண்டமோ கடனாகவே வந்தது.

எனினும், மொழியைப் பொறுத்தவரை தொழிலாளர் வெறுங்கையராய் இருந்திலர். துரைமாரின் ‘பரேட்’ அவர் வாயிற் பிரட்டாயிற்று, ‘கொன்றாக்ட்’ கொந்தரப்பாயிற்று. ‘லயம்’ என்பதனை ‘லைன்’ என்பதன் திரிபென்பாரும், குதிரை இலாயத்தோடு சேர்த்துக் கூறுவாரும் உளர். அவ்வறைகளைக் கண்டோர்க்கு இரண்டும் பொருந்துவனவே. ஒருநாட் சம்பளம் பதியப்படுதலை அவர்கள் ‘பேர் போடுதல்’ என்றனர். பாதிச் சம்பளம் ‘அரைப்பேர்’ எனப்பட்டது. விவரக்கொத்து எழுதாது விட்ட பெயர், செக்றோலில் கூலிக்கணக்காக மட்டும் எழுதப்பட்டது. அக்கணக்கும் பாதியாகக் குறைக்கத்தக்கதாய் இருந்தது. இவ்வொரு சொல் உணர்த்தும் வரலாற்றை மேற்கூறிய நூல்களுள் எதுவும் உணர்த்தவில்லை.

துரைமார் பெரும்பாலும் தம் நாடு திரும்பினர். அவர்தம் பங்களாக்களுட் சில இன்று உல்லாச விடுதிகளாக விளங்க, அவர்கால விளம்பரங்கள் அழகுப்பொருளாகப் போற்றப்படுகின்றன. மண்ணில் நிலைத்துக் குடியேறியோர் லயங்களில் வாழ்ந்தோரே. அவர்களையோ 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் பல இலட்சம் மக்களை இருநாட்டிற்குமிடையே பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. குடியேறியவர் யார் என்னும் வினாவிற்கு அக்காலக் கைந்நூல்கள் கூறிய விடை, அந்நூல்களோடு மறைந்துவிடவில்லை என்பதை இது காட்டும்.

ஆதலின், இந்நூல்களை வெறுத்து ஒதுக்குதலும் வேண்டா. பழம்பெருமையென மயங்கி வியத்தலும் வேண்டா. அவற்றைப் படிக்கும்போது, ‘இங்கே வா’ என்ற அழைப்பிற்கு வந்து நின்றவர் யாது கூறினார் எனக் கேட்டல் வேண்டும். அவ்விடை நாட்டார் பாடல்களிலும், முதியோர் நாவில் வழங்கும் தோட்டச் சொற்களிலும் இன்னும் உள்ளது. பதுளையிலும் அதன் சூழலிலும் பயிலும் மாணவர், தம் பாட்டன் பாட்டியரிடம் அச்சொற்களைக் கேட்டுப் பொருளோடு எழுதி வைப்பாராயின், பேர்குசன் தொகுக்காது விட்ட விவரக்கொத்து ஒன்று உருவாகத் தொடங்கும்.