விளம்பரக் கூலியும் நஷ்டப் பொறுப்பும்

1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்னும் அமெரிக்க இணைய சஞ்சிகை, ஏடி அண்ட் டி கம்பெனியின் விளம்பரத்தைத் தன் பக்கத்தின் உச்சியில் வெளியிட்டபோது, இடத்தைக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, சரக்கு விற்றதா இல்லையா என்ற கவலையை வியாபாரிக்கே விட்டுவிடும் பழைய பத்திரிகை சம்பிரதாயத்தையே அனுசரித்தது. ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்னும் கட்டணம் அந்தச் சம்பிரதாயத்தின் வாரிசு. 1996இல் பிராக்டர் அண்ட் கேம்பிள், கிளிக் விழுந்தால்தான் பணம் என்று யாஹூவிடம் நிபந்தனை விதித்தது. அதே ஆண்டில் அமேசான், விற்றால்தான் கமிஷன் என்றது.

மூன்றில் எது அதிக வருமானம் தரும் என்பதே தளம் நடத்துவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி; நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதே அவர்கள் கேட்கவேண்டிய கேள்வி என்பது என் அபிப்பிராயம். ஒரு லட்சம் பார்வை பெறும் தளம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்றால் 4,000 ரூபாய்; நூற்றுக்கு ஒருவர் கிளிக் செய்து, கிளிக்குக்கு 4 ரூபாய் கிடைத்தாலும் அதே 4,000; அந்த ஆயிரம் பேரில் இருபது பேர் சாமான் வாங்கி, ஒவ்வொரு விற்பனைக்கும் 200 ரூபாய் கமிஷன் வந்தாலும் அதே தொகைதான். ஆனால் விளம்பரத்தின் வாசகம் சப்பென்று இருந்துவிட்டால் பின்னிரண்டு வருமானமும் சரிகின்றன. கடைக்காரர் விலையை ஏற்றிவிட்டாலோ மூன்றாவது மட்டும் வற்றிப்போகிறது. தன் அதிகாரத்துக்கு உட்படாத பிழைகளுக்கெல்லாம், எழுதிப் பிரசுரிப்பதோடு தன் கடமை முடிந்த ஒருவர் அபராதம் கட்டுகிறார்.

அதற்காகப் பார்வைக் கட்டணம் பரிசுத்தமானது என்று சொல்லிவிட முடியாது. ஒரே கட்டுரையைப் பத்துத் துண்டாக்கி வாசகரை அலைக்கழிக்கும் துர்ப்பழக்கம் அதன் குழந்தை. அடிப்பக்கத்தில் எவர் கண்ணிலும் படாத விளம்பரத்துக்கும் பணம் வசூலான அநியாயத்தைத் தடுக்கவே, படத்தில் பாதியாவது ஒரு விநாடி திரையில் தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் அமெரிக்காவில் 2014இல் வந்தது.

கிளிக் முறையின் உபகாரத்தையும் மறுப்பதற்கில்லை. 2003இல் கூகுள் தொடங்கிய ஆட்சென்ஸ், விளம்பர ஏஜெண்டுகளின் வாசற்படியை மிதித்தறியாத சிறு தளங்களுக்கும் ஒரு வரும்படியைத் தேடித் தந்தது. தமிழ்த் தளங்களுக்கு அந்தக் கதவு 2018இல்தான் திறந்தது. ஆயினும் அங்கே விலையை நிர்ணயிப்பது ஏலம். காப்புறுதி, வீட்டுக்கடன் ஆகியவற்றைப் பற்றி எழுதியவருக்குக் கிட்டும் விலை, சங்க இலக்கியத்தை ஆராய்ந்து எழுதியவருக்குக் கிட்டாது. எழுத்தின் தரம் அந்த ஏலக்கணக்கில் சேருவதே இல்லை. கைதவறிப் படும் விரலையும் காசாக்க, விளம்பரத்தைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே பதுக்கி வைக்கும் சாமர்த்தியமும் இம்முறையோடு வளர்ந்ததுதான்.

விற்பனைக் கமிஷன், காமிராவையோ கைப்பேசியையோ வாங்கும் உத்தேசத்துடனேயே வாசகர் வந்துசேரும் தளங்களுக்குப் பொருந்தலாம். அங்கேயும், குறையைச் சொன்னால் கூலி போய்விடும் என்ற அச்சம் விமரிசகரின் பேனாவைச் சற்றே தடுக்காமல் இராது.

கிளிக் கணக்கை விட்டுப் பார்வைக் கணக்குக்கு ஆட்சென்ஸ் மாறும் என்று கூகுள் 2023 நவம்பரில் அறிவித்தது. சிறு தளங்களுக்கு இதனால் விமோசனம் பிறந்துவிட்டதாக நான் நம்பவில்லை. ஏலத்தில் விலை கேட்பவர், அந்தப் பக்கத்தில் முன்பு எத்தனை கிளிக் விழுந்தது, எத்தனை சரக்கு விற்றது என்று பார்த்தே கேட்பதால், கிளிக் விழாத பக்கத்தின் பார்வையும் மலிவாகத்தான் போகிறது.