அப்பாவின் மெதுவோட்டம்

நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட அப்பாவும் மகளும் நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கும்போது ஊர்க் கண் மகள் மேல்தான் இருக்கும். எனக்கு அப்பாவைப் பார்க்கத்தான் பிடிக்கும். பெரிய சக்கரத்தைச் சின்னக் கால்களின் வேகத்துக்கு இறக்கி, தள்ளாடாமல் ஓட்டுவது லேசில்லை. பொங்கல் விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் பந்தயம் ஜெயித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மேலூர் சாலையில் அவர் வலப்பக்கம், அரைச் சக்கரம் பின்னால் வருவார். பஸ் கிளப்பும் காற்று முதலில் அவர் தோளில்தான் மோதும். தேனி சாலையில் நாகமலைப் பக்கம் ஆடிக் காற்று எதிரே அடித்தால், ஒன்றும் சொல்லாமல் முன்னால் வந்துவிடுவார்; அந்த முதுகின் மறைவில் மகளுக்கு மிதி இலகுவாகும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஃப்ரீவீல் சத்தம். அவர் மிதிப்பதை நிறுத்திக் காத்திருக்கும்போது பின்சக்கரம் டிக்டிக்கென்று பேசும். அது காதில் விழுந்ததும் மகள் ரோஷமாக அழுத்தி மிதிப்பாள், சத்தம் அடங்கிவிடும். ஒத்தக்கடையில் யானைமலையோ எவ்வளவு மிதித்தாலும் நகராது.

"இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?"

"அந்தா, அந்தப் புளியமரம்தான்டா."

மரம் வந்ததும் அடுத்த மரத்தைக் காட்டுவார். ஊர் திரும்பியதும் பருத்திப்பால் உண்டு என்று ஆசை காட்டுவதும் இந்த வித்தையில் சேர்த்திதான்.