பிடிஆர்எஃப்எஸ் மீதரவின் இரட்டைப் பிரதி: ஒரு விமர்சனம்

பிடிஆர்எஃப்எஸ் என்பது 2009இல் லினக்சு கருனியில் சேர்க்கப்பட்ட ஒரு கோப்பு முறைமை. ஒரு கோப்பின் பெயர் என்ன, அளவு என்ன, வட்டில் எங்கே இருக்கிறது என்பவற்றைக் குறித்து வைக்கும் தகவல் மீதரவு (மெட்டாடேட்டா) எனப்படும். உள்ளடக்கம் கெட்டால் அந்தக் கோப்பு மட்டும் போகும். மீதரவு கெட்டால் கோப்பு முறைமையே திறக்காமல் போகலாம். அதனால் மீதரவை ஒரே வட்டில் இரண்டு இடங்களில் எழுதும் வசதி உண்டு. இது 'டூப்' எனப்படும். ஒரு பிரதி மட்டும் எழுதுவது 'சிங்கிள்'.

பழைய இயல்பமைப்பு

பிடிஆர்எஃப்எஸ் கருவித்தொகுப்பு 5.14 பதிப்பு வரை, ஒற்றை வன்தட்டுக்கு டூப்பையும் எஸ்எஸ்டிக்குச் சிங்கிளையும் தானாகத் தேர்ந்தது. 2021 நவம்பரில் வந்த 5.15 பதிப்பு முதல் இரண்டுக்கும் டூப் இயல்பானது.

பழைய முடிவுக்குக் காரணம் உண்டு. எஸ்எஸ்டியின் கட்டுப்படுத்தி, ஒரே மாதிரியான இரு தொகுதிகளைக் கண்டால் உள்ளுக்குள் ஒன்றாக்கிவிடக்கூடும். அடுத்தடுத்து எழுதப்படும் இரு பிரதிகளை ஒரே நினைவகத் தொகுதியில் வைக்கவும் கூடும். அப்போது இரண்டாம் பிரதி பெயரளவுக்குத்தான்.

குறியாக்கம் வந்தால்

முதல் காரணம் குறியாக்கம் செய்த வட்டுக்குப் பொருந்தாது. லக்ஸ் முறையில் வழக்கமாகப் பயன்படும் எக்ஸ்டிஎஸ், தொகுதியின் இட எண்ணையும் சேர்த்தே குறியாக்குகிறது. ஒரே மீதரவு இரு இடங்களில் எழுதப்பட்டால் வட்டுக்குப் போய்ச் சேர்பவை வெவ்வேறு தரவுகள். அவற்றை ஒன்றெனக் கண்டு சேர்க்கக் கட்டுப்படுத்திக்கு வழியில்லை. பழைய கருவியோ இதைப் பார்க்கவில்லை. சுழலும் வட்டா, இல்லையா என்ற ஒரே குறிப்பை வைத்து முடிவெடுத்தது.

இரண்டாம் காரணம் நிற்கிறது. ஆனால் 'சில வேளைகளில் பயன்படாது' என்பது ஒரு பாதுகாப்பை அடியோடு நீக்கப் போதாது. மீதரவு பொதுவாக வட்டில் சிறு பங்கே; அதை இரட்டிப்பதன் செலவு குறைவு. சிங்கிளில் சரிபார்ப்புத் தொகை பிழையைக் காட்டும்; திருத்த வழி இராது. டூப்பில் நல்ல பிரதியைக் கொண்டு கெட்டதைச் சரிசெய்யலாம். எனவே 5.15இன் மாற்றம் சரியானது, ஆனால் தாமதமானது. 2020 அக்டோபரில் வெளியான ஃபெடோரா 33, மேசைக்கணினிப் பதிப்புக்குப் பிடிஆர்எஃப்எஸ்ஸை இயல்பாக்கியபோது பழைய விதியே நடப்பில் இருந்தது. புதிய விதி பழைய வட்டுகளைத் தானாக மாற்றுவதும் இல்லை.

டூப் காக்காத இடம்

டூப்பை இயல்பாக்கியதோடு கவலை தீர்ந்தது என எண்ணுவதும் தவறு. குறியாக்க வட்டின் தொடக்கத்தில் லக்ஸ் தலைப்பகுதி இருக்கிறது. லக்ஸ்2 தன் விவரக் குறிப்புகளுக்கு இரு பிரதி வைக்கிறது. திறவுகோல் இருக்கும் பகுதிக்கு ஒரே பிரதிதான். அது அழிந்தால் கடவுச்சொல் நினைவிருந்தும் பயனில்லை. மீதரவுக்கு எத்தனை பிரதி இருந்தாலும் எல்லாம் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும். வாழப்பாடி மாணவர் சேலத்துக்கோ சென்னைக்கோ வட்டைக் கொண்டுபோனாலும், தரவு மீட்பவரால் அதைத் திறக்க முடியாது.

செய்ய வேண்டியவை

2021 நவம்பருக்கு முன் எஸ்எஸ்டியில் நிறுவியவர்கள், 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் டிஎஃப்' கட்டளையில் மெட்டாடேட்டா வரியைப் பார்க்க வேண்டும். சிங்கிள் என்றிருந்தால் 'பேலன்ஸ்' கட்டளையால் டூப்பாக மாற்றலாம். வட்டை அழிக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை 'ஸ்க்ரப்' ஓட்டுவது நல்லது. லக்ஸ் தலைப்பகுதியைப் பிரதி எடுத்து வேறொரு பென்டிரைவில் பத்திரப்படுத்த வேண்டும்; பழைய கடவுச்சொல் அறிந்தவர் அதைக்கொண்டு வட்டைத் திறக்க முடியும் என்பதால் அது பிறர் கையில் சிக்கக்கூடாது.

வட்டு முழுவதும் செயலிழந்தால் இரு பிரதிகளும் சேர்ந்தே போகும். டூப் வட்டின் சிறு பழுதுக்கு மருந்து. காப்புநகலுக்கு மாற்று அல்ல. டூப் அடிக்கடி பிழை திருத்துவதாகத் தெரிந்தால், அது வட்டை மாற்றச் சொல்லும் அறிகுறி.